சம்மதம் என்று எழுதியது யார்? கல்வி வளாகப் பாலியல் வன்முறையும் சாதியும்

2016 மார்ச் மாத இறுதி. ராஜஸ்தான் மாநிலம் பிகானேர் மாவட்டத்தில் நோக்கா என்ற ஊரில் உள்ள ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் தண்ணீர்த் தொட்டியில் 17 வயது தலித் மாணவி ஒருவர் பிணமாகக் கிடந்தார். முந்தைய நாள்தான் அவர் தன் தந்தையிடம் தொலைபேசியில் பேசியிருந்தார். உடற்கல்வி ஆசிரியரின் அறையைக் கூட்டிச் சுத்தம் செய்யச் சொல்லி விடுதிக் காப்பாளர் தன்னை அனுப்பியதையும், அங்கே அந்த ஆசிரியர் தன்னைப் பாலியல் வல்லுறவு செய்ததையும் சொல்லியிருந்தார். ஆனால் நிறுவனத்தின் கையில் வேறொரு காகிதம் இருந்தது. நடந்தது இருவரின் சம்மதத்தோடு நடந்தது என்று சொல்லும் ஒரு "மன்னிப்புக் கடிதம்". அதில் அந்த மாணவியிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இறந்த உடலை நகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றிச் சென்றார்கள்.

ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில், பிகானேர் போக்சோ நீதிமன்றம் அந்த ஆசிரியருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நிறுவனத்தைச் சேர்ந்த மேலும் இருவருக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. 17 வயதுப் பெண்ணின் "சம்மதம்" சட்டப்படி சம்மதமே அல்ல என்பது ஒரு கல்வி நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் எழுதினார்கள். நாளைக்கு வகுப்பறையில் ஆசிரியராக நிற்கப்போகும் ஒரு பெண்ணைத் துடைப்பத்தோடு ஓர் ஆணின் அறைக்கு அனுப்ப அவர்களுக்குத் தயக்கமே இருக்கவில்லை. அதே தயக்கமின்மைதான் அந்தக் கடிதத்தையும் எழுத வைத்தது.

"சம்மதம்" என்ற அந்தச் சொல்லை இந்த நாட்டில் யார் யார் நம் சார்பாக எழுதினார்கள், அதை மாற்ற யார் போராடினார்கள் என்பதைப் புதிதாகக் கல்லூரிக்குள் நுழையும் தோழர்களோடு பேச வேண்டும் என்று நினைக்கிறோம். இந்த வரலாற்றைப் பாடத்திட்டத்தில் நாம் படித்ததில்லை.

பள்ளிக்குப் போகும் வழி

பொதுவெளியில் கல்விக்காகக் காலடி வைத்த பெண்ணின் மீது முதலில் விழுந்தது சாணியும் சேறும்தான். 1848-ல் புனேயில் புலே தம்பதியர் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியபோது, பாடம் நடத்த நடந்துபோன சாவித்திரிபாயின் மீது அவற்றை வீசினார்கள். அந்தப் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே 1855-ல் எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. மாங், மகர் பெண்கள் தலைக்கு மேல் கூரைகூட இல்லாமல் பிள்ளை பெறும் துயரத்தை அவர் அதில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 14. தீண்டப்படாத சாதிப் பெண்ணின் உடல் படும் வேதனையை முதலில் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் ஒரு மாணவி. இதை நாம் மறக்கக் கூடாது.

வழியில் தொல்லை கொடுத்தால் பெண் படிப்பை நிறுத்திவிடுவாள் என்பது அன்றைய கணக்கு. இன்றைக்கும் பேருந்து நிறுத்தத்தில், ஆய்வகத்தில், விடுதி வாசலில் வேலை செய்வது அதே கணக்குதான்.

மதுரா வழக்கு: காயம் இல்லையென்றால் சம்மதமா?

1972 மார்ச்சில் மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமியைக் காவலர் பாலியல் வல்லுறவு செய்த வழக்கு. அமர்வு நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அவருக்கு ஏற்கெனவே பாலுறவுப் பழக்கம் இருந்தது என்று காரணம் சொன்னது. உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அதை மாற்றியது. பயத்தில் அடங்கிக் கிடப்பது வேறு, சம்மதிப்பது வேறு என்று சொல்லித் தண்டனை விதித்தது. ஆனால் 1978-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை, ஆகவே இது சம்மதம் என்பது அதன் வாதம்.

இதை எதிர்த்து முதலில் குரல் எழுப்பியவர்கள் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர்கள். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வர், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வரும் 1979-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். 1980-ல் பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. 1983-ல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வல்லுறவு தனிக் குற்றமானது. அத்தகைய வழக்குகளில் "நான் சம்மதிக்கவில்லை" என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டே தொடங்க வேண்டும் என்ற விதி வந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமானது.

ஆனால் 1983 சட்டம் அதிகாரம் என்று கண்டது காவல் நிலையம், சிறை, காப்பகம், மருத்துவமனை போன்ற இடங்களைத்தான். ஆசிரியர் அந்தப் பட்டியலில் இல்லை. மதிப்பெண் போடும் கை, ஆய்வேட்டில் கையெழுத்திடும் கை, விடுதிச் சாவி வைத்திருக்கும் கை எதுவும் அதிகாரமாகத் தெரியவில்லை. ஆசிரியர் செய்யும் வல்லுறவு கடுமையான தண்டனைக்குரிய வகையில் சேர்வதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 30 ஆண்டுகள்.

1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த விஷயத்தில் முன்னால் நின்றது. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்திப் பாலியல் சுரண்டல் செய்தால் குற்றம் என்று அது சொன்னது. பண்ணையாருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் பொருந்தும் அந்த வரி பேராசிரியருக்கும் பொருந்தும். கல்லூரிக்குள் அதை எடுத்துப் படித்தவர்கள் மிகக் குறைவு.

"கேலி" என்று பெயர் வைத்த காலம்

நம் ஊரில் இதற்கு நீண்ட காலம் "ஈவ் டீசிங்" என்று பெயர். கேலி, கிண்டல் என்ற அளவில்தான் சமூகம் இதைப் பார்த்தது. 1998-ல் சென்னையில் ஆண்கள் கூட்டம் ஒன்று செய்த அத்துமீறலில் கீழே விழுந்து ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலும் "ஈவ் டீசிங்" என்றே இருந்தது. பிறகுதான் அது "பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல்" என்று மாற்றப்பட்டது. ஒரு மாணவி செத்த பிறகும் சட்டப் புத்தகம் அதைக் கேலி என்றே அழைத்திருக்கிறது.

இதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1997 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பை வழங்கியது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் நின்றவர் பன்வாரி தேவி. ராஜஸ்தானின் படேரி கிராமத்தில் குயவர் சமூகத்தில் பிறந்த அவர், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-ல் அவரைக் கூட்டு வல்லுறவு செய்தார்கள். 1995-ல் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உயர்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட மாட்டார்கள் என்ற சாதிய நம்பிக்கை நீதியின் மொழியில் வெளிவந்த இடம் அது. இந்தியாவின் அலுவலகங்களும் கல்லூரிகளும் இன்று வைத்திருக்கும் புகார் குழுக்கள் அத்தனையும் ஓர் உழைக்கும் சாதிப் பெண் களப்பணியில் இழந்ததிலிருந்து வந்தவை. அவருக்கோ நீதி வரவில்லை.

விசாகாவுக்குப் பிறகு சில பல்கலைக்கழகங்கள் தாமாகவே விதிகள் வகுத்தன. டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999-ல் அமைந்த குழுவில் மாணவர் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் வந்தார்கள். நிர்வாகத்தின் பிடிக்கு வெளியே நின்ற அந்தக் குழுவை 2017-ல் கலைத்துவிட்டு, நிர்வாகம் நியமிக்கும் உள்ளகப் புகார் குழுவை வைத்தார்கள். மாணவர்கள் அதை எதிர்த்துப் போராடியதற்குக் காரணம் இருந்தது. யார் விசாரிப்பது என்பதில்தான் பாதி நீதி இருக்கிறது.

கேட்கும் விதம் மாறினால் பதில் மாறும்

சமூகவியல் மாணவர்களுக்கு ஆய்வு வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். மூன்றும் அமெரிக்காவில் நடந்தவை.

1957-ல் கிர்க்பாட்ரிக், கானின் என்ற இரு சமூகவியலாளர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் 291 மாணவிகளிடம் கேட்டு எழுதிய கட்டுரை வந்தது. அந்தக் கல்வியாண்டில் ஒரு முறையாவது தாம் விரும்பாத பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாக 55.7 விழுக்காட்டினர் சொன்னார்கள். அடுத்த 30 ஆண்டுகள் இது பெரிதாகப் பேசப்படவில்லை.

1974-ல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ரோம் இருவரும் வல்லுறவுக்கு உள்ளான பெண்களோடு பேசி எழுதியது வெளியானது. சிலர் அழுதார்கள், நடுங்கினார்கள். ஏறக்குறைய அதே அளவுக்கு மற்றவர்கள் எந்தச் சலனமும் இல்லாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டுமே அதிர்ச்சியின் வடிவங்கள். தூக்கம் கெடுவது, திடுக்கிட்டு எழுவது, சாப்பிட முடியாமல் போவது, தனியாக இருக்கவும் கூட்டத்தில் நிற்கவும் பயப்படுவது போன்ற பின்விளைவுகள் நீண்ட காலம் தொடர்ந்தன. "அழவே இல்லையே, பொய் சொல்கிறாள்" என்று பேசும் விசாரணைக் குழுக்கள் 50 ஆண்டுக்கு முந்தைய இந்த அறிவைக்கூட எட்டவில்லை.

1987-ல் மேரி காஸ் குழுவினரின் ஆய்வு வந்தது. 32 கல்வி நிறுவனங்கள், 6,159 மாணவ மாணவியர். "உங்களை யாராவது வல்லுறவு செய்தார்களா?" என்று அவர்கள் கேட்கவில்லை. நடந்த செயலை மட்டும் விவரித்து, இப்படி நடந்ததா என்று கேட்டார்கள். சட்டப்படி வல்லுறவு என்று வகைப்படுத்தக்கூடிய அனுபவத்தைச் சொன்ன பெண்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான் அதை "வல்லுறவு" என்ற பெயரால் அழைத்தார்கள். மற்றவர்களுக்கு நடந்தது தெரியும், வலித்ததும் தெரியும். அதற்கு வைக்க ஒரு பெயர்தான் இல்லை.

விடுதிகளில் மாணவிகளோடு உட்கார்ந்து பேசும்போது நாங்களும் இதையே பார்க்கிறோம். "பாலியல் துன்புறுத்தல் நடந்ததா?" என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும். "எந்த ஆசிரியரின் அறைக்குத் தனியாகப் போகப் பயப்படுவீர்கள்?" என்று கேட்டால் பேச்சு வரும். "அண்ணன் மாதிரிதான் பழகினார்க்கா, அப்புறம்தான்…" என்று வாக்கியம் பாதியில் நிற்கும்.

அந்தப் பாதி வாக்கியத்துக்குப் பின்னால் நடப்பவை என்ன? முதலில் அந்த வகுப்புக்குப் போவது நிற்கும். வருகைப் பதிவு குறையும். வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது, கல்வி உதவித்தொகையும் கேள்விக்குறியாகும். ஆய்வு மாணவி என்றால் நெறியாளரை மாற்ற வேண்டும். மாற்றினால் ஓராண்டு போகும், துறையில் "பிரச்சினைக்காரி" என்ற பெயர் வரும். வீட்டில் சொன்னால் படிப்பு நின்றுவிடும் என்ற பயம் இருக்கிறது. ஊரிலேயே முதல் பட்டதாரியாக வரப்போகும் பெண்ணுக்குத் திரும்பிப் போக வேறு இடம் கிடையாது. அதனால் அவள் வாயை மூடிக்கொள்கிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது "கவனம் சிதறிய மாணவி" என்று தெரிகிறது. இட ஒதுக்கீட்டில் வந்தவள் அப்படித்தான் என்ற வசையும் கூடவே வருகிறது. சாதி தந்த பட்டம் குற்றத்தை மறைத்துக்கொடுக்கிறது.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் பட்டியல் சாதி மாணவியர் 31.71 லட்சம் பேர். முக்தா சால்வேயிலிருந்து இந்த எண்ணிக்கைவரை வந்தது எளிதான பயணம் அல்ல. ஒருத்தி பாதியில் வெளியேறினால் இழப்பு அவளுக்கு மட்டுமல்ல. அவளைப் பார்த்துக் கல்லூரிக்கு வரவிருந்த தெருவுக்கே இழப்பு.

இரண்டு கதவுகள், ஒரே உடல்

2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு 29 நாட்களில் அறிக்கை தந்தது. 2013-ல் குற்றவியல் சட்டத் திருத்தமும் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் வந்தன. 2016 ஜனவரி 26 அன்று திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் "சம்மதம்" என்பதற்கு நமக்கான தெளிவான விளக்கம் இருக்கிறது. சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கு இடமின்றித் தானாக விரும்பித் தெரிவிக்கும் உடன்பாடுதான் சம்மதம். உடல்ரீதியாக எதிர்க்கவில்லை என்பதால் மட்டும் அது சம்மதம் ஆகாது. முன்பு பழக்கம் இருந்தது என்பதும் சம்மதம் ஆகாது. மதுராவுக்கு 1978-ல் சொன்ன பதிலை நாடாளுமன்றம் திருப்பி எழுத இத்தனை காலம் ஆயிற்று. நோக்கா நிறுவனம் மன்னிப்புக் கடிதம் வாங்கியது இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதங்களில்.

அதே ஆண்டு மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள் அரசிதழில் வந்தன. சாதி, வர்க்கம், வட்டாரம், பாலியல் சார்பு, சிறுபான்மை அடையாளம், மாற்றுத்திறன் ஆகியவை பாதிப்பைக் கூட்டும் என்று அவை வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றன. மாணவர்களும் திருநர் மாணவர்களும் பாதிக்கப்படலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கின்றன.

காகிதத்தில் இது நல்ல முன்னேற்றம். நடைமுறையில் என்ன? பாலியல் புகாருக்கு உள்ளகப் புகார் குழு. சாதிப் பாகுபாட்டுக்கு 2012 ஒழுங்குமுறைகளின்படி சம வாய்ப்பு மையம். "உன்னைப்போன்ற சாதிப் பொண்ணுங்களுக்கு இதெல்லாம் புதுசா?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்தவனைப் பற்றி எந்த அறையில் சொல்வது? முதல் அறை சாதியை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறது. இரண்டாவது அறை பாலியல் புகாரை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறது. அவளோ ஒரே உடலோடுதான் போகிறாள்.

உச்ச நீதிமன்றமே 2021-ல் பட்டான் ஜமால் வலி வழக்கில் இதைப் பேசியது. பார்வையற்ற தலித் பெண் ஒருவர் மீதான வல்லுறவில் பாலினம், சாதி, உடற்குறை மூன்றும் பின்னிக் கிடப்பதைத் தீர்ப்பு விரிவாக எழுதியது. வல்லுறவுக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. "சாதியின் காரணமாகவே" குற்றம் நடந்தது என்று நிரூபிக்கச் சொன்ன பழைய சட்டம் அந்த வழக்குக்குப் பொருந்தியதே அதற்குக் காரணம். 2016 முதல், அவர் இன்ன சமூகத்தவர் என்று "தெரிந்து" செய்திருந்தாலே போதும். ஒரு சொல் மாறினால் எத்தனை வழக்குகள் நிற்கும், எத்தனை விழும் என்பதற்கு இது சாட்சி.

பட்டியலும் முதல் தகவல் அறிக்கையும்

2017 அக்டோபரில் ராயா சர்க்கார் என்ற தலித் சட்ட மாணவர், பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுக்கு உள்ளான கல்வியாளர்களின் பட்டியலை முகநூலில் வெளியிட்டார். மூத்த பெண்ணியவாதிகள் சிலர் உரிய நடைமுறையைப் பின்பற்றச் சொல்லி அறிக்கை விட்டார்கள். பெயர் சொல்லாத குற்றச்சாட்டு ஆபத்தானது என்ற அவர்களின் கவலையை நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் உரிய நடைமுறையின் வாசலில் யார் நிற்க முடிகிறது என்ற எதிர்க்கேள்வியும் அப்போது எழுந்தது. அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வல்லுறவுக்கு உள்ளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். அவரது அடையாளத்தோடு முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்தது. அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டம் எழுதி 41 ஆண்டுகள் ஆன பிறகு இது நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது, முதல் தகவல் அறிக்கையின் மொழியே பாதிக்கப்பட்டவரைக் குற்றம் சொல்வதாக இருப்பதைக் கண்டித்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்கும்படி ஆயுள் தண்டனை வந்தது. ஆறு மாதங்களுக்குள் தீர்ப்பு சாத்தியம்தான். பன்வாரி தேவிக்கும் மதுராவுக்கும் ஏன் சாத்தியப்படவில்லை என்பதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் கையில் இருப்பவை

இந்த வரலாறு நமக்குத் தந்த கருவிகள் சில உண்டு. தோழர்கள் இவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள்.

உங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார் குழுவில் மாணவர்கள் சம்பந்தப்பட்ட விசாரணைக்கு மாணவர் தரப்பில் மூவர் இருக்க வேண்டும். அவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் குழுவில் இருக்கக் கூடாது. வெளி உறுப்பினர் ஒருவர் கட்டாயம். அந்த இடத்துக்குத் தலித் பெண்களோடு வேலை செய்பவரைக் கேளுங்கள்.

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணைக் காலத்தில் குற்றம்சாட்டப்பட்டவர் உங்கள் தாளைத் திருத்தாமல் தடுக்கக் கேட்கலாம், விடுப்பும் கேட்கலாம். நிரூபிக்க முடியாமல் போனால் அதற்காகவே "பொய்ப் புகார்" என்று உங்களைத் தண்டிக்க முடியாது.

குழுவில் புகார் தந்தாலும் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் தரலாம். குழு அதைத் தடுக்க முடியாது. சாதி தெரிந்து செய்த குற்றம் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். எந்த மருத்துவமனையும், தனியாராக இருந்தாலும், வல்லுறவுக்கு உள்ளானவருக்கு உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பெண்கள் உதவி எண் 181, வன்கொடுமைப் புகார் எண் 14566.

எந்தச் சமரசக் கடிதத்திலும், மன்னிப்புக் கடிதத்திலும் யார் சொன்னாலும் தனியாக இருக்கும்போது கையெழுத்துப் போடாதீர்கள். "காலேஜ் பேரு கெட்டுடும்" என்பவரிடம் யோசிக்க நேரம் வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஒருவருக்குப் போன் செய்யுங்கள்.

உங்களிடம் வந்து சொல்லும் தோழியிடம் "அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்காதீர்கள். அவள் சொல்வதைக் கேளுங்கள், தேதியையும் இடத்தையும் அவள் விரும்பினால் எழுதி வையுங்கள். புகார் தருவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். முடிவு எதுவானாலும் மறுநாள் வகுப்புக்கு அவளோடு சேர்ந்து போங்கள்.

அடுத்த வாரம் ஒரு வேலை செய்யலாம். நான்கைந்து பேர் சேர்ந்து கல்லூரி அலுவலகத்துக்குப் போய், உள்ளகப் புகார் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். எத்தனை கல்லூரிகளில் அந்தப் பட்டியல் இருக்கிறது, அதில் நம் பெண்கள் எத்தனை பேர் என்று பார்ப்போம். அங்கிருந்து மேலே பேசுவோம்.